கோபம் வந்த பிள்ளைக்கு இருபது நிமிடம் கொடுங்கள்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பிராவில், அதாவது வரிசை வீட்டின் ஒற்றை அறையில், கோபம் வந்தால் எழுந்து போக இன்னொரு அறை இல்லை. அதனால் எங்கே போவது என்பதைப் பதின்ம வயதுப் பிள்ளை அமைதியாக இருக்கும்போதே பேசி வையுங்கள்: இஸ்தோப்பு (முன் திண்ணை), பீலிக்கரை (தண்ணீர் பிடிக்கும் இடம்), கோயில் வாசல். மழைக்கும் இருட்டுக்கும் ஏற்ற இடமும் ஒன்று வேண்டும். "இருபது நிமிசத்துல வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போகட்டும். பின்னாலேயே போய்க் கேள்வி கேட்காதீர்கள். ஏற்பாடு குலைவது பெரும்பாலும் அங்கேதான்.

சண்டை நின்றாலும் அட்ரினலின் கிளப்பிய படபடப்பு உடனே அடங்காது. நிதானத்தைக் காக்கும் மூளையின் முன்பகுதியோ 25 வயது வாக்கில்தான் முழுமையாக முதிர்கிறது. கத்துகிற நேரத்தில் புத்திமதி ஏறாது. மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சிழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். தலையணையைக் குத்துவது கோபத்தைக் கிளறத்தான் செய்யும்.

திரும்பி வந்ததும் "ஏன் அப்படிச் செஞ்ச?" வேண்டாம்; அது விசாரணை. "என்னப்பா நடந்திச்சு?" போதும். அடியில் பெரும்பாலும் அவமானமோ பயமோ இருக்கும்: வகுப்பில் தோட்டத்துப் பிள்ளை என்ற கேலி, சாதாரண தரப் பரீட்சை, "கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போ" என்ற பேச்சு. பசியையும் தூக்கத்தையும் பாருங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணிநேரம் தூக்கம் தேவை.

அடிக்கத் தொடங்கினால், தன்னையே காயப்படுத்தினால் காத்திருக்காதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.