டர்பனிலிருந்து ஜோபர்க் ஏற எந்த மின்சாரக் கார்?

போர்ஷே டைகான் டர்போ எஸ் 2.8 விநாடியில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும், பி.எம்.டபிள்யூ. ஐ4 எம்50க்கு 3.9 ஆகும், டெஸ்லா பிளெயிட் இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். தென்னாப்பிரிக்காவில், கடலோர டர்பனிலும் உயரத்தில் இருக்கும் ஜோபர்க்கிலும் (ஜோகன்னஸ்பர்க்) நம்மவர்கள் கூடினால் மின்சாரக் கார் பேச்சு இதோடு நின்றுவிடுகிறது. (டெஸ்லா முதலாளி பிறந்தது என்னவோ பிரிட்டோரியாவில்தான், ஆனால் இதை எழுதும் வரை அந்தக் காரை இங்கே அதிகாரபூர்வமாக விற்பதில்லை, அதனால் அதை விடுங்கள்.) சிக்னலில் ஒரு விநாடி முன்னே பின்னே போய் என்ன ஆகப்போகிறது? இரண்டு ஊரையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையில் 120-இல் போகும்போது கார் எவ்வளவு குடிக்கிறது, நிறுத்தினால் எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது, எனக்கு இந்த இரண்டும்தான் கணக்கு.

டர்பன் பக்கம் உம்லாங்காவில் இருக்கும் அண்ணன் ஒருவர் டைகான், ஐ4 இரண்டில் ஒன்றைப் பழையதாக வாங்க நினைக்கிறார். டர்பனில் கடை, ஜோபர்க்கில் மகள், மாதம் ஒருமுறையாவது மேலே ஏற வேண்டும். "தம்பி, டைகானுக்கு 412 கிலோமீட்டர்னு போட்டிருக்கான், ஹாரிஸ்மித் வரைக்கும் நிக்காம போயிடலாமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. டர்பனிலிருந்து நடுவழியில் இருக்கும் ஹாரிஸ்மித் ஏறக்குறைய 300 கிலோமீட்டர், ஜோபர்க் 570 சொச்சம்.

அந்த 412, அதாவது ஒருமுறை நிரப்பினால் ஓடும் தூரம் (ரேஞ்ச்), டபிள்யூ.எல்.டி.பி. என்ற ஐரோப்பியச் சோதனையில் வந்த எண். அந்தச் சோதனையில் சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர்தான். அமெரிக்க அரசின் சோதனையில் 2020-ஆம் வருட டர்போ எஸ் வாங்கிய எண் 192 மைல், அதாவது 309 கிலோமீட்டர். கார் ஒன்றுதான், எண்ணில் நூறு கிலோமீட்டர் வித்தியாசம்! காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 120-இல் போகிறவன் இரண்டாவது எண்ணை நம்புவதே நல்லது.

அப்புறம் ஏற்றம். கடல் மட்டத்தில் கிளம்பி ஹாரிஸ்மித்துக்கு முன்னால் வான் ரீனன் கணவாயைத் தாண்டும்போது ஏறக்குறைய 1,700 மீட்டர் ஏறியிருப்போம். டர்போ எஸ் காலியாகவே 2,295 கிலோ. ஆட்கள், பெட்டி, அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாய் எல்லாம் சேர்த்து இரண்டரை டன் என்று வையுங்கள். அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் சுமார் 11.5 கிலோவாட் மணி (வீட்டு மீட்டரில் சொல்லும் யூனிட்தான்) வேண்டும், மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 13. பேட்டரியில் பயன்படுத்தக் கிடைப்பது 83.7. மீதி 70-ஐ வைத்து, 100 கிலோமீட்டருக்கு 22 என்று ஓட்டினால் 320 கிலோமீட்டர் வரும். ஹாரிஸ்மித் எட்டிவிடலாம், ஆனால் நகத்தைக் கடித்துக்கொண்டே எட்ட வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் (Town Hill) என்ற ஏற்றத்தில் ஏறும்போது ஒரு நண்பரின் மின்சாரக் காரில் முன்சீட்டில் இருந்தேன். இடதுபக்கம் லாரிகள் மூச்சுவாங்கி ஊர்ந்துகொண்டிருக்க, நாங்கள் சிரமமே இல்லாமல் சர்ரென்று ஏறினோம், ஆனால் பலகையில் ரேஞ்ச் எண் சாலையைவிட இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கியது. நண்பர் ஏசியை அணைத்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐ4 எம்50 இந்த இடத்தில் மோசமில்லை. 80.7 கிலோவாட் மணி, எடை 2,215 கிலோ, 544 குதிரைசக்தி. ஆனால் அதே பேட்டரியோடு வரும் அதன் தம்பி ஈடிரைவ்40-ஐப் பாருங்கள்: நூறைத் தொட 5.7 விநாடி, ரேஞ்ச் 590 வரை. எம்50க்கு அதிகபட்சம் 520 சொச்சம், பெரிய சக்கரம் போட்டால் 416 வரை இறங்குகிறது. இரண்டு விநாடிக்காக 70 கிலோமீட்டரைக் கொடுக்கிறோம். நான் கொடுக்க மாட்டேன்.

மின்சாரக் காருக்கு ஜோபர்க் ஒரு நல்லதும் செய்கிறது. அங்கே காற்று மெலிது, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி, டைகானில் அது வெறும் பெயர்தான்) இல்லாத பெட்ரோல் எஞ்சின் சக்தியில் ஆறில் ஒரு பங்கு போல இழந்துவிடும். மோட்டாருக்குக் காற்றே வேண்டாம், டர்பனில் என்ன பிக்கப்போ அதே பிக்கப் ஜோபர்க்கின் சாண்ட்டனிலும். போதாததற்கு மெலிந்த காற்றில் எதிர்ப்பும் குறைவு, அதனால் ஹாரிஸ்மித் தாண்டிய சமவெளியில் செலவு கொஞ்சம் இறங்கும். உயரத்தில் டர்போவுக்கு இருந்த மவுசு பழைய பந்தய ஆட்களுக்குத் தெரியும்: 1983 அக்டோபரில் ஜோபர்க் பக்கத்துக் கியாலமி பந்தயத் தளத்தில்தான், டர்போ கார் ஒன்றுக்குக் கிடைத்த முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் உலகப் பட்டத்தை நெல்சன் பிக்கே உறுதிசெய்தார், அந்த பிராபம் காரை வடிவமைத்த கார்டன் மர்ரே நம்ம டர்பன்காரர். சரி, விஷயத்துக்கு வருவோம்.

சார்ஜ். புது டைகான், 2024-இல் வந்தது, 320 கிலோவாட் வரை உறிஞ்சும், 10-லிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடம்தான், டர்போ எஸ் 630 கிலோமீட்டர் வரை போகும் என்கிறார்கள். ஆனால் 320 கிலோவாட் கொடுக்கும் சார்ஜர் பெட்டி நம் நெடுஞ்சாலையில் அபூர்வம். 60 கிலோவாட் பெட்டியில் மாட்டினால் அதே பேட்டரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அங்கே 320 என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. பழைய டைகான் வாங்குகிறவர் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அது 800 வோல்ட் கார், 400 வோல்ட் பெட்டியில் சாதாரணமாக 50 கிலோவாட்தான் வாங்கும், 150 வேண்டுமென்றால் முதல் ஆள் அதற்குத் தனியாகக் காசு கட்டியிருக்க வேண்டும். ஐ4க்கு இந்தத் தலைவலி இல்லை, அது 400 வோல்ட்.

ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு 18 சதவீத இறக்குமதி வரி, மின்சாரக் காருக்கு 25. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரத்த அழுத்தம் ஏறும், வேண்டாம்.

அண்ணனுக்கு நான் சொன்னது ஈடிரைவ்40. "அது மெதுவா போகுமேப்பா" என்றார். டர்போ எஸ்தான் வேண்டும் என்று நின்றால், மேலே போகும்போது வழியில் மூயி ரிவர் ஊரில் ஒரு டீ சாப்பிட்டு, அங்கே சார்ஜர் காலியாக இருந்தால் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு போகட்டும். திரும்பி வரும்போது ஹாரிஸ்மித்தில் 100 சதவீதம் வரை நிரப்ப வேண்டியதில்லை, 80 போதும். வான் ரீனன் இறக்கத்தில் மோட்டாரே டைனமோ போலச் சுற்றி, கொஞ்சம் இலவச மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும்.