இடது மூக்கு

"புதுப் பூனைக்குட்டி வந்த பிறகுதான் டாக்டர் இவன் இப்படித் தும்முறான். அந்தக் குட்டிதான் காரணமா?"

"அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன்.

பொய் சொல்லவில்லை, படித்ததைத்தான் சொன்னேன். பூனைக்கு ஹெர்பிஸ் வைரஸ் சளி ஒருமுறை வந்துவிட்டால், பெரும்பாலும் அது நரம்புக்குள் ஆயுளுக்கும் பதுங்கிக் கிடக்கும். வீடு மாறினாலோ வீட்டுக்குள் இன்னொரு பூனை நுழைந்தாலோ ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி தலைதூக்கலாம். இவனுக்கு 9 வயது. குட்டி வந்து 10 நாள். கணக்கு சரியாக வந்தது.

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினேன். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும், கொடுத்ததும் சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள் என்றேன். சாம்பிராணியும் கொசுவர்த்தியும் வேண்டாம் என்றேன். மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது, மீனை லேசாகச் சூடாக்கி வையுங்கள் என்றேன்.

கூடையைத் தூக்கும்போது அந்த அம்மா சொன்னார்: "இடது மூக்குல மட்டும்தான் ஒழுகுது டாக்டர்."

அது என் காதில் விழுந்தது. தலையாட்டினேன். வெளியே தடுப்பூசிக்கு ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

வைரஸ் சளி பொதுவாக இரண்டு பக்கமும் ஒழுகும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பல்லைப் பார்க்க வேண்டும், உள்ளே புல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வயதான பூனையென்றால் கட்டியையும் நினைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை.

5 வாரம் கழித்து வந்தபோது சளியில் ரத்தக் கோடு இருந்தது. மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்தால், இடது மேல் கோரைப்பல் ஆடியது. ஈறோரம் விட்ட கம்பி நேராக மூக்குக்குள் போனது. பல்லைப் பிடுங்கி ஓட்டையைத் தைத்தோம். தும்மல் நின்றுவிட்டது.

தையல் பார்க்க வந்த அன்று, "குட்டி எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"அதை அப்பவே கொடுத்துட்டோமே டாக்டர். நீங்கதானே சொன்னீங்க." கோபமே இல்லாமல் சொன்னார்.

நான் கொடுக்கச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் தனி அறையில் வையுங்கள் என்றுதான் சொன்னேன். சொன்னதாகத்தான் நினைக்கிறேன். சீட்டை எடுத்துப் பார்த்தேன். 'வீட்டில் புதுப் பூனை' என்று எழுதியிருந்தது. தனி அறை அதில் இல்லை. இடது என்ற சொல்லும் இல்லை.

முதல் நாள் இரண்டு கண்ணிலும் நீர் இருந்தது, பல்லோடு வைரஸும் சேர்ந்திருக்கலாம், அப்படியானால் நான் சொன்னது முழுத் தப்பில்லை என்று சில ராத்திரி தோன்றும். அந்தக் கண்ணீரை அன்று நிஜமாகவே பார்த்தேனா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இப்போதெல்லாம் தும்மும் பூனை வந்தால் மூக்கின் முன் கண்ணாடிச் சில்லைப் பிடிக்கிறேன். எந்தப் பக்கம் ஆவி படியவில்லையோ அங்கே அடைப்பு. "எதனால டாக்டர்?" என்று கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை. சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு பதிலோடு வீட்டுக்குப் போகத்தானே அவர்கள் வருகிறார்கள்? அதையும் தப்பென்று சொல்ல மனம் வரவில்லை.

குட்டியை யாரிடம் கொடுத்தீர்கள் என்று அன்று கேட்டிருக்கலாம். தையல் நன்றாக ஆறியிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்தவரை வரச் சொன்னேன்.