ரிமோட் என் கையில், திட்டும் எனக்கே

பொங்கலுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஆச்சி வீட்டில் கூடுவது எங்கள் வழக்கம். இந்த வருஷம் 17 பேர், ஒரே ஒரு 43 இஞ்ச் டிவி. ஆச்சிக்கு 84 வயது, கடைக்குட்டிக்கு 5. இந்தக் கூட்டம் ராத்திரி உட்கார்ந்து பார்க்க ஒரு படம் போடும் பொறுப்பு நாலு வருஷமாக என் தலையில்தான் இருக்கிறது. எனக்கு சினிமா தெரியும் என்பதால் இல்லை, ஓடிடி பாஸ்வேர்ட் என்னுடையது, அவ்வளவுதான்.

முன்னெல்லாம் இந்தத் தலைவலியே கிடையாது. காலையில் சாலமன் பாப்பையா பட்டிமன்றம், அது முடிந்தால் 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன' என்று ஒரு குரல் வரும், வந்ததைப் பார்த்தோம். படம் மொக்கையாக இருந்தால் டிவிக்காரனைத் திட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். இப்போது அதே திட்டு எனக்கு வருகிறது. இன்னொன்றும் போய்விட்டது, விளம்பரம். இரண்டரை மணி நேரப் படத்தை நாலு மணி நேரமாக இழுத்தார்களே என்று அப்போது எரிச்சல்பட்டோம், ஆனால் காபி போட்டதும், பாத்ரூம் போனதும், 'இவன் எதுக்கு அவளை அடிச்சான்' என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் எல்லாம் அந்த இடைவெளியில்தான். இப்போது ஒருவர் எழுந்தால் 'கொஞ்சம் நிறுத்து' என்கிறார், அவர் வருவதற்குள் இன்னொருவர் எழுந்து போகிறார், ஒரு பாட்டு முடிய இருபது நிமிஷம் ஆகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். எல்லோரும் ஆகா ஓகோ என்று எழுதியிருந்த ஒரு படத்தை, நான் முழுதாகப் பார்க்காமலே போட்டுவிட்டேன். இருபதாவது நிமிஷத்தில் ஒரு படுக்கையறைக் காட்சி. ரிமோட் எங்கோ தலையணைக்கு அடியில். சித்தப்பா 'மோட்டார் ஓடுதா பாரு' என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு தானே எழுந்து போனார், அத்தை அடுப்பில் இல்லாத பாலைப் பார்க்க ஓடினார், அப்பா முந்தாநாள் பேப்பரை விரித்தார். ஒருவழியாக ரிமோட்டைத் தேடி எடுத்து நிறுத்தினேன். கூடத்தில் ஒரே அமைதி. அப்போது ஆச்சி மட்டும் கேட்டாள், "ஏம்ல நிப்பாட்டிட்ட? அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிட்டா இல்லையா, அதைச் சொல்லு."

அன்றிலிருந்து ஓடிடியில் படம் தொடங்கும்போது மூலையில் பொடியாக வரும் எழுத்தைப் படிக்காமல் எதையும் போடுவதில்லை. ஓடிடிக்கு மத்திய அரசு கொண்டுவந்த 2021 விதிகளுக்குப் பிறகு 7+, 13+, 16+ என்று வயதும், வன்முறையா, கெட்ட வார்த்தையா என்று காரணமும் அதில் இருக்கும். தியேட்டர் சான்றிதழிலும் யுஏவை இப்படி மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், 2024 கடைசியில். உதவியான விஷயம்தான், ஆனால் எங்கள் வீட்டுக்கு அது போதாது.

பெரியப்பா இறந்த பிறகு வந்த இரண்டாவது பொங்கலில்தான் அது புரிந்தது. கிராமம், கூட்டுக்குடும்பம், அண்ணன் தம்பி பாசம் என்று நம்பிக் குடும்பப் படம் ஒன்றைப் போட்டால், பாதியில் நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்ட உடல், ஒப்பாரி, நீர்மாலை எல்லாம் வருகிறது. அந்தப் படத்துக்குத் தாராளமாக யு சான்றிதழ் கொடுக்கலாம், பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கொடுக்க முடியாது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தட்டில் இருந்த பனங்கிழங்கை நார் நாராகக் கிழித்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. நம் ஊர்க் குடும்பப் படங்களில் சாவு வீடு இல்லாத படத்தைத் தேடிப் பாருங்கள், எவ்வளவு குறைவு என்று தெரியும்.

நல்ல படமாக இருந்தாலும் கூட்டத்துக்கு ஒத்துவராமல் போகலாம். 'மெய்யழகன்' எனக்கு உயிர். அத்தான் அத்தான் என்று உருகுகிறவனின் பெயர் ஞாபகம் வராமல் ஒருவன் ராத்திரி முழுக்கத் தவிப்பது, சொந்தக்காரர்கள் கூடும் வீட்டில் யாருக்குத்தான் நடக்காது? ஆனால் அது இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற படம், காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். தியேட்டரிலேயே நீளம் என்று சொல்லி, வெளியான பிறகு 18 நிமிஷம் வெட்டினார்கள். இங்கே ஒருவர் கரும்பு கடிக்க, ஒருவர் வீடியோ காலில் சிங்கப்பூர் மாமாவைக் காட்ட, அது என்ன ஆகும்? தனியாகப் பாருங்கள், அல்லது மனைவியோடு.

எங்கள் கூட்டத்துக்குத் தேவை பத்து நிமிஷம் எழுந்து போய்விட்டு வந்தாலும் விட்ட இடம் தெரிகிற படம், அதாவது பாதிப் பேருக்கு ஏற்கெனவே மனப்பாடமான படம். 'மைக்கேல் மதன காமராஜன்' 1990 தீபாவளிக்கு வந்தது, கிரேசி மோகன் வசனம் வேகமாகப் போகும், ஆச்சிக்குப் பாதி பிடிபடாது. ஆனால் சாம்பாரில் மீன் விழுந்ததும் ஐந்து வயசும் சிரிக்கிறது, எண்பத்து நாலும் சிரிக்கிறது. 'லப்பர் பந்து'வும் போன வருஷம் நன்றாகவே போனது. கிரிக்கெட்டே தெரியாத அத்தை மாமனார் மருமகன் சண்டையைப் பார்த்தார், மாமா விஜயகாந்த் பாட்டுக்குக் காத்திருந்தார்.

இந்த வருஷம் 'காதலிக்க நேரமில்லை' போட்டேன். 1964 படம் என்றதும் பையன்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனை எடுத்துவிட்டார்கள். நான் பேசாமல் இருந்தேன். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லுகிற இடம் வந்தது. வாயாலேயே எல்லாச் சத்தத்தையும் போடுகிறார் நாகேஷ், பாலையா பெரும்பாலும் முகத்தை வைத்தே பதில் சொல்லுகிறார். பெங்களூரில் வளர்ந்து தமிழ் தத்தளிக்கிற பையன்தான் முதலில் போனைக் கீழே வைத்தான். 'இன்னொரு தடவை போடுங்க பெரியப்பா' என்று என்னிடம் கேட்டதும் அவன்தான். மூன்று தடவை போட்டோம், முழுப் படமும் முடிந்ததா என்றால் இல்லை, இட்லி வெந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. சித்தப்பா ஒவ்வொரு வசனத்தையும் படத்துக்கு ஒரு விநாடி முன்னால் சொல்லிவிடுகிறார், அதுவும் நாகேஷ் குரலில். ஏழாம் வகுப்புப் படிக்கும் தம்பி மகள் இதைப் பொறுக்க முடியாமல், அடுத்த பொங்கலுக்குப் படம் தேர்ந்தெடுக்கப் போவது நான்தான் என்று பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை, யாரும் முந்திக்கொண்டு வசனம் சொல்லக்கூடாது. சித்தப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.