பெட்டி 31

மே 9

ஊர் மாறுகிறோம். பெட்டி கட்டும் ஆட்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். கை வேகம் பார்க்க அழகாக இருந்தது, அதே வேகம்தான் பயமாகவும் இருந்தது. இது என்ன, யாருடையது என்று ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. கண்ணில் பட்டது காகிதத்துக்குள் போகிறது, காகிதம் பெட்டிக்குள் போகிறது, மேலே டேப். குளியலறைக் குப்பைக் கூடையைக் குப்பையோடு சுற்றிக் கட்டிவிட்டார் ஒருவர். நல்லவேளை, பையன் பார்த்தான்.

சின்ன அறைக் கதவில் ‘இங்கே கை வைக்க வேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கையோடு எடுத்துப்போக வேண்டியது எல்லாம் அங்கேதான். சூப்பர்வைசரைக் கூட்டிப் போய் நேரிலும் காட்டினேன். “சரிக்கா” என்றார்.

மே 9, இரவு

தூக்கம் வரவில்லை. சூப்பர்வைசர் எழுதிய சாமான் பட்டியல்தான் மனதில் ஓடுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ‘நிலை’ என்று ஒரு கட்டம். அதில் மேலிருந்து கீழ்வரை ஒரே எழுத்து: பழையது, கீறல். பழையது, கீறல். உறை பிரித்துச் சில மாதங்களே ஆன டிவிக்கும் அதே. பையனின் படிக்கும் மேஜைக்கும் அதே. கேட்டால், “எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவோம் மேடம், சும்மா ஒரு முறைக்கு” என்கிறார். முறைக்கு எழுதுவது எங்கள் பொருளைப் பற்றி அல்லவா? நாளை ஏதாவது உடைந்தால் ‘ஏற்றும்போதே அப்படித்தான் இருந்தது’ என்று காட்ட இந்த ஒரு தாள் போதுமே. கீறல் இல்லாதவற்றுக்கு எதிரே ‘கீறல் இல்லை’ என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். டிவியை ஓடவிட்டு ஒரு படம், பிரிட்ஜை நாலு பக்கமும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மே 10

லாரி கிளம்பி, தெருமுனை திரும்பி, சத்தமும் ஓய்ந்த பிறகு உள்ளே வந்தேன். சின்ன அறை காலி. கதவில் நான் ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை.

அம்மாவின் மாத்திரைப் பை மட்டும் அவள் மடியில் இருந்ததால் தப்பியது. அவளுடைய மருத்துவக் காகிதங்களும், இதயத் துடிப்பைச் சீராக்க வைத்த பேஸ்மேக்கர் கருவியின் அட்டையும் இருந்த பச்சைக் கோப்பு போய்விட்டது.

சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். “31ல இருக்குக்கா. பிறவகைன்னு எழுதியிருக்கேன் பாருங்க.” பார்த்தேன். 31, பிறவகை, பழையது, கீறல்.

மே 11

பயணம். அம்மா ஜன்னல் பக்கம். “அட்டை பத்திரமா இருக்கா?” என்று கேட்டாள். இவர் முந்திக்கொண்டு “இருக்கு அத்தை” என்றார்.

மே 13

காலி வீடு. பேசினால் குரல் திரும்பி வருகிறது. தரையில் போர்வை விரித்துப் படுத்தோம். அம்மாவால் தரையிலிருந்து எழ முடியவில்லை. இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருக்கிறது, அவளுக்கு அது பிடிக்கவில்லை. மேல்வீட்டம்மா யார் எவர் என்று கேட்காமல் ஒரு நாற்காலி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மே 14

வண்டி வரவில்லை. டிரைவர் போன் அணைந்திருக்கிறது.

மே 15

தனி வண்டி என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். இன்று பேசிப் பேசி, அதட்டி, கடைசியில் ஒரு பெண் உண்மையைச் சொன்னார். வழியில் ஒரு கிடங்கில் எல்லாவற்றையும் இறக்கி, இந்தப் பக்கம் வருகிற வேறு சில குடும்பங்களின் சாமான்களோடு சேர்த்து ஒரு பெரிய வண்டியில் மாற்றி ஏற்றுகிறார்களாம். “எல்லா கம்பெனியும் பண்றதுதான் மேடம்.” அதாவது நம் சாமான்கள் இரண்டு முறை தூக்கப்பட்டு, இரண்டு முறை வைக்கப்பட்டு, நடுவில் யாரோ தெரியாதவர்களின் சாமான்களோடு ஒரே தரையில் கிடந்திருக்கின்றன. தனி வண்டிக்குப் பேசிய தொகை, பகிர்ந்த வண்டியில் பயணம். இவர், “வந்து சேரட்டும், அப்புறம் பேசலாம்” என்கிறார். வந்து சேர்ந்த பிறகு யார் நம்மிடம் பேசப் போகிறார்கள்?

அந்தப் பெண்ணிடம் 31ஐப் பற்றிக் கேட்டேன். எண் எண்ணாகச் சொல்ல முடியாதாம்.

மே 16

மழை. லாரி மேல் போட்டிருக்கும் தார்ப்பாயையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

காப்பீட்டுக் காகிதத்தை எடுத்து முழுவதும் படித்தேன். சரக்குக் காப்பீட்டில் ஏ, பி, சி என்று மூன்று வகை விதிகள். ஏ என்றால் விலக்கு என்று பெயர் சொல்லி எழுதியவை தவிர எல்லா இடரும் அடங்கும். பி, சி இரண்டிலும் அப்படியே தலைகீழ், பெயர் சொல்லி எழுதியவை மட்டும்தான் அடங்கும். தீ, வெடிப்பு, வண்டி கவிழ்வது, மோதல் போன்றவை சி. அதோடு பூகம்பம், இடி மின்னல், கடல் நீரோ ஏரி நீரோ ஆற்று நீரோ உள்ளே புகுவது எல்லாம் சேர்ந்தால் பி. மழை நீர் என்று அதில் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன், இல்லை. ஆறு பெருகி லாரிக்குள் வந்தால் உண்டு, கிழிந்த தார்ப்பாய் வழியாக மழை சொட்டினால் கிடையாது.

நாங்கள் கேட்டதும் பணம் கட்டியதும் ஏ. வந்திருக்கும் காகிதத்தில் பி. தாமதத்தால் வரும் நஷ்டம் ஏ வகையில்கூட இல்லை என்பதும் இன்றுதான் தெரிந்தது.

வீடு மாறுகிற யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து லாரி கிளம்பும் முன்பே அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ‘இன்ஷூரன்ஸ் போட்டாச்சு’ என்ற வாய்வார்த்தையை ஏற்காதீர்கள்.

மே 17

அம்மா இன்று நடந்துகொண்டே இருந்தவள் சுவரைப் பிடித்து நின்றுவிட்டாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

மே 18

வந்துவிட்டது.

பின்கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது பிரிட்ஜின் அடிப்பாகம். படுக்க வைத்திருக்கிறார்கள். பெட்டியின் மேலே பெரிய அம்புக்குறி, அதுவும் படுத்துக்கொண்டு பக்கவாட்டில் காட்டுகிறது. அதன் மேல் புத்தகப் பெட்டிகள். புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் போடச் சொன்னேன். கேட்காமல் பெரிய பெட்டியில் நிரப்பியதால் தூக்கிய இடத்திலேயே அடி பிளந்து, அகராதிகள் ஈரச் சாலையில் விழுந்தன. பையன் ஓடிப்போய்ப் பொறுக்கினான்.

டிவியும் படுத்துத்தான் வந்திருக்கிறது. நிமிர்த்தி நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. போட்டுப் பார்த்தால் மூலையிலிருந்து குறுக்கே கறுப்புக் கோடு, ஒரு பக்கம் முழுக்க இருட்டு. மெத்தையின் ஒரு முனை நனைந்து நாற்றம். அம்மாவின் சாய்வு நாற்காலிக்கு ஒரு கை இல்லை.

வாஷிங் மெஷின் மட்டும் முழுசாக வந்திருக்கிறது. உள் உருளை ஆடாமல் இருக்கப் பின்பக்கம் முடுக்கும் போல்ட்டுகளை, கிளம்பும் முன் மெக்கானிக்கை வரவழைத்து இவர் போட வைத்தார். அப்போது வீண் செலவு என்று நினைத்தேன்.

31 கடைசியாக இறங்கியது. எண் சரியாக இருக்கிறது, எழுத்து வேறு. எங்கள் பெட்டிகளில் எல்லாம் நீல மார்க்கர், இதில் கறுப்பு. பெயர்ச் சீட்டு ஈரத்தில் உரிந்துபோயிருக்கிறது. பிரித்தேன். பழுப்புக் காகிதத்தில் வெட்டிய சட்டை அச்சுகள், கை, கழுத்து, முதுகு என்று தனித்தனியாகக் கம்பியில் கோத்தவை. கீழே தடிதடியாக நோட்டுகள், எல்லாம் அளவு. பெயர், தோள், மார்பு, இடுப்பு, நீளம். யாரோ ஒரு தையல்காரரின் பிழைப்பே இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் பட்டியல் 1இலிருந்துதான் தொடங்குகிறது. கிடங்குத் தரையில் அன்று எத்தனை 31 இருந்திருக்கும்!

டிரைவர் ரசீதை நீட்டி, “சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கம்மா” என்றார். ‘31 எங்களுடையது அல்ல, மற்றப் பெட்டிகள் இன்னும் பிரித்துப் பார்க்கப்படவில்லை, டிவி உடைந்துள்ளது’ என்று எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கண் சிவந்து, தூங்கிப் பல நாள் ஆனவர் மாதிரி இருந்தார்.

மே 19

பிரிட்ஜை நிமிர்த்தி வைத்து, இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை. படுத்துக் கிடந்தபோது கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறியிருக்கும், அது கீழே இறங்க நேரம் வேண்டும். ஒரு நாள் முழுக்க விட்டுவிடுவதாக முடிவு. இவர் அரைமணிக்கு ஒருதரம் பிளக்கைப் பார்க்கிறார்.

மே 20

ஓடுகிறது!

மே 21

கழற்றி வந்த அலமாரியை மறுபடி பொருத்த ஆள் வந்தார். மரத்தூள் பலகையில் ஒருமுறை கழற்றிய திருகு மறுமுறை பிடிப்பதில்லை. துளை பொடிப்பொடியாக உதிர்கிறது. மெல்லிய மரக்குச்சிகளில் பசை தடவித் துளைக்குள் அடித்து, காய்ந்த பிறகு புதிதாகத் திருகு போட்டார். பொறுமையான மனிதர். ஆனாலும் ஒரு கதவு தொங்குகிறது.

கம்பெனிக்குப் போன். “உங்க 31 டெலிவரி ஆயிடுச்சு மேடம். சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது.” ரசீதில் நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். “செக் பண்ணிச் சொல்றோம்.”

மே 23

சொல்லவில்லை.

மே 24

பழைய ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். நகல் கொடுப்பார்களாம், ஆனால் அம்மா கையெழுத்திட்ட கடிதம் வேண்டும், பழைய கோப்புகளைத் தேடி எடுக்க நாளாகும். பேஸ்மேக்கரைச் சோதிக்க இங்கே டாக்டரிடம் முறை கிடைத்திருப்பது ஜூன் 4. பேஸ்மேக்கரில் ஒவ்வொரு தயாரிப்பாளரின் கருவியையும் அவரவர் இயந்திரத்தால்தான் படிக்க முடியும். எது என்று தெரிந்தால்தான் அந்த இயந்திரத்தோடு ஆள் வருவார். அந்த அட்டையில் எல்லாம் இருக்கிறது. மாடல், வரிசை எண், கம்பிகளின் எண், வைத்த தேதி.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அட்டையைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

மே 25

இங்குள்ள டாக்டரின் உதவியாளர் நல்ல பெண். “பதறாதீங்க. மார்பு எக்ஸ்ரே எடுத்தா கருவி மேல கம்பெனிக் குறி தெரியும், அதை வச்சே கண்டுபிடிச்சிடலாம்” என்றார். இப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு அழுதேன்.

மே 26

தையல்காரரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நமக்காவது எக்ஸ்ரே இருக்கிறது. அவர் அந்த அளவுகளை எல்லாம் மறுபடி யாரிடம் போய் எடுப்பார்? ஊரே மாறிவிட்டார். பழைய வாடிக்கையாளர்கள் துணி அனுப்பினால் இந்த நோட்டுகளை வைத்துத்தானே தைக்க முடியும்?

அடுத்தவர் நோட்டைப் புரட்டக் கூச்சமாக இருந்தது. ஆனால் சில பெயர்களுக்குப் பக்கத்தில் போன் எண் இருக்கிறது.

மே 27

முதலில் எடுத்தவர் நம்பவில்லை, ஏதோ மோசடி என்று வைத்துவிட்டார். அடுத்த எண் ஒரு பாட்டி. “ஐயோ, அவரா? நோட்டைக் காணோம்னு சாப்பிடாமக் கிடக்காராம்மா” என்றார். எண் கொடுத்தார்.

மே 27, மாலை

பேசிவிட்டேன். “அக்கா” என்றார், அப்புறம் அவரால் பேச முடியவில்லை. மனைவி வாங்கிப் பேசினார்.

எங்கள் பெட்டி அவர்களிடம்தான் இருக்கிறது. ஒரு பக்கம் நனைந்திருந்ததாம். உள்ளே மருத்துவக் காகிதம் என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்து, மின்விசிறிக்கு அடியில் பரப்பிக் காயவைத்திருக்கிறார்கள். கம்பெனிக்கு அவர்களும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே பதில்தானாம், உங்கள் 31 டெலிவரி ஆகிவிட்டது.

அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். எண் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகிறது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். “வைத்த தேதி சரியாத்தான் இருக்கு” என்றாள்.

மே 29

கம்பெனியிலிருந்து கடிதம். டிவிக்கு இழப்பீடு கிடையாது, ஏற்றும்போதே ‘பழையது, கீறல்’ என்று பட்டியலில் பதிவாகியிருக்கிறது. அவர்கள் காட்டும் நகலில் நான் எழுதியது இல்லை, எனக்குக் கொடுத்த நகலில் இருக்கிறது. படங்கள், என் நகல், டிரைவர் ரசீது மூன்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஏ என்று பணம் வாங்கி பி என்று காகிதம் கொடுத்ததையும் எழுதினேன். இதை விடப்போவதில்லை.

மே 31

பெட்டியை மாற்றித் தர மறுபடி வண்டி வாடகை கேட்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டோம். பாதி வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் தையல்காரரும் இவரும் சந்தித்துக் கைமாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

ஜூன் 2

நோட்டுகளை அட்டைக்கு நடுவே வைத்து, பாலித்தீனில் சுற்றி, நானே கட்டினேன். காகித அச்சுகளை மடிக்கவில்லை, சுருட்டிக் குழாய்க்குள் போட்டேன். இவர் விடிகாலையில் கிளம்புகிறார்.

ஜூன் 3

மதியம் போன். கைமாறிவிட்டது. இவர் திரும்பும் பேருந்து தாமதம், இரவு வந்துசேர நேரமாகும் என்றார். நாளை எட்டரைக்கு அம்மாவுக்கு முறை. பையனைப் பள்ளியில் விட யாரையாவது கேட்க வேண்டும். மேல்வீட்டம்மாவைக் கேட்கலாம்.