பாங் அணையில் வரித்தலை வாத்தும், பதான்கோட்டில் டாக்சிக் கொள்ளையும்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். பதான்கோட் ரயில் நிலைய வாசலில் ஒரு டாக்சிக்காரர், ஹிமாச்சலில் பாங் அணை ஏரிக்கரையில் இருக்கும் நக்ரோட்டா சூரியன் என்ற ஊருக்குப் போக 4,000 ரூபாய் கேட்டார். போக மட்டும்! 2022 ஆகஸ்டு வெள்ளத்தில் சக்கி ஆற்று ரயில் பாலம் இடிந்ததில் காங்க்ரா பள்ளத்தாக்குக்குப் போகும் குட்டி ரயில் தடைப்பட்டது. நான் போனபோதும் அந்தப் பக்கம் ரயில் இல்லை. அது தெரிந்துதான் கேட்கிறார். 2,800க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றார். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன்.

பஸ் அதற்கு மேல். கடைசி வரிசை, மூடாத ஜன்னல், காலுக்கடியில் காலிஃபிளவர் மூட்டை. ஜனவரிக் குளிரில், வழியில் இருக்கும் ஜவாலி ஊர் வருவதற்குள் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் ஏரிக்கரையில் இறங்கி நின்றதும் எல்லாம் போச்சு. பின்னால் பனி மூடிய தௌலாதார் மலைத்தொடர், முன்னால் கடல் மாதிரித் தண்ணீர், நடுவில் பச்சைப் புல்வெளி முழுக்க வரித்தலை வாத்துகள். ஆயிரக்கணக்கில்! திபெத், மங்கோலியா பக்கமிருந்து இமயமலையையே தாண்டி வருகிற பறவை. 7,000 மீட்டருக்கு மேலேகூடப் பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். பைனாகுலரில் ஒன்றைப் பிடித்தேன். வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை, மஞ்சள் அலகின் நுனியில் ஒரு கறுப்புப் பொட்டு. தலையைச் சாய்த்துப் புல்லைக் கடித்து வெடுக்கென்று இழுக்கிறது. உண்மையில் இது ஆடு போல மேயும் பறவை, மீனுக்காக வரவில்லை. இங்கே இருக்கிற சிக்கல் மொத்தமும் அதில்தான் இருக்கிறது.

பியாஸ் ஆற்றின் குறுக்கே 1974இல் கட்டி முடித்த அணை இது. மழைக்காலத்தில் நிரம்புகிறது. குளிர்காலத்தில் பாசனத்துக்குத் தண்ணீர் போகப் போக, கரையில் வண்டல் நிலம் அகலமாக வெளியே வருகிறது. வாத்துக்கு அது மேய்ச்சல் காடு. அணைக்காக ஊரை இழந்தவர்களுக்கோ அது தாத்தா உழுத வயல். ராஜஸ்தானில் நிலம் தருவதாக வாக்களிக்கப்பட்டும் கிடைக்காமல் பல குடும்பங்கள் இன்னும் அலைகின்றன. அதனால் சிலர் இங்கே கோதுமை விதைக்கிறார்கள். 1983இலேயே சரணாலயம் ஆகிவிட்டதால் விதைப்பது சட்டவிரோதம். விதைத்தவர் பயிரைக் காக்க வாத்தை விரட்டுகிறார், அறுவடை முடிந்ததும் கோதுமைத் தாளுக்குத் தீ வைக்கிறார். 2002இல் ராம்சார் என்கிற சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்த்தாயிற்று, ஆனால் வயல் தகராறு தீரவில்லை.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம், "பாய் சாப், வாத்து வருவது நல்லதுதானே?" என்றேன். "வரட்டும் ஜி, யார் வேண்டாம் என்றது? எங்களுக்கு நிலம் எங்கே?" என்று கேட்டுவிட்டு வலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். எனக்கும் அதே கேள்விதான். காவலர்களை வைத்து டிராக்டரைப் பிடித்தால் மட்டும் பறவை பிழைக்காது. அணை கட்டியபோது வைத்த பாக்கியை முதலில் தீர்க்க வேண்டும்.

2020 டிசம்பர் கடைசியில் பறவைக் காய்ச்சல் வந்தபோது சில வாரங்களில் ஏறக்குறைய 5,000 பறவைகள் இங்கே செத்தன, பெரும்பாலும் இதே வாத்துகள். மீன்பிடிப்பும் நின்றது. ஒரே இடத்தில் இத்தனை பறவை கூடுவதில் அந்த ஆபத்தும் இருக்கிறது. நம் திருநெல்வேலி கூந்தன்குளத்துக்கும் வரித்தலை வாத்து வரும். அங்கே ஊர்க்காரர்களே பட்டாசு வெடிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் யாரும் இந்தக் குளத்துக்காக ஊரை இழக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, சாப்பாடு! பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பெயர்ப்பலகை இல்லாத கடையில் சோறும் சன்னா மத்ராவும், 80 ரூபாய். தயிரில் மெதுவாகக் கொதித்த கொண்டைக்கடலை, நெய் மேலே மிதக்கிறது, ஏலக்காய் மணக்கிறது. இரண்டாவது முறை சோறு போட்டதற்குக் காசே வாங்கவில்லை.

செலவுக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். தங்குமிடம் 900, பஸ் போக வர 300க்குள், படகுக்குப் பேரம் பேசி 600. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், காலை ஏழு மணிக்கே கரையில் இருங்கள், புல்வெளிக்குள் இறங்கி வாத்தைக் கிளப்பிவிட்டுப் படம் எடுக்காதீர்கள். டாக்சிதான் வேண்டுமென்றால் ஸ்டேஷன் வாசலில் பேசாதீர்கள். ஜவாலி வரை பஸ்ஸில் வந்து அங்கே பிடித்தால் பாதிக்கும் கீழே முடியும்.