லடாக் எதுக்கு, அகஸ்தியம்பள்ளி இருக்கே

ராத்திரி வானத்தைப் படம் எடுக்கிறேன் என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி லடாக் போனீங்களா என்பதுதான். சரி, ராஜஸ்தானாவது? பாலைவனத்துக்குப் போனால்தான் நட்சத்திரம் சிக்கும் என்று எல்லார் மண்டையிலும் யாரோ ஏற்றிவிட்டார்கள். நான் போவது வேதாரண்யத்தை ஒட்டி இருக்கும் அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்கு. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று பச்சையாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அதே டெல்டாவின் தென்கோடியில் நிழலுக்கு ஒரு மரம் இல்லாமல் வெள்ளை வெளேரென்று ஒரு நிலம் கிடக்கிறது என்றால் நம்பிக்கை வராது. சித்திரை, வைகாசியில் சதுப்பு வற்றிச் சேறு பாளம் பாளமாக வெடித்து, மேலே உப்பு பூத்திருக்கும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எல்லாம் தண்ணீர். ஆக, வருஷத்தில் சில மாசம் மட்டும் பாலைவனம்.

லடாக்கில் ஹான்லே என்ற ஊர் இருக்கிறது, சுமார் 4,500 மீட்டர் உயரம், 2022-இல் அதை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அந்த இருட்டும் அந்தக் காய்ந்த காற்றும் நமக்கு வராது, அதில் சண்டையே இல்லை. ஆனால் அது 33 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது, அகஸ்தியம்பள்ளி 10 டிகிரி சொச்சத்தில். பால்வீதியின் நடுப்பகுதி, எல்லாரும் படம் எடுக்கத் துடிக்கிற அந்தத் தடித்த பாகம், தெற்கு வானத்தைச் சேர்ந்தது. ஹான்லேயில் அது அடிவானத்திலிருந்து 28 டிகிரிக்கு மேல் ஏறாது, இங்கே 50 டிகிரி வரை ஏறி நிற்கும். தெற்குச் சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டம் அங்கே முழுசாக உதிப்பதே இல்லை. இங்கே வைகாசி தொடங்கும்போது ராத்திரி ஒன்பது மணிவாக்கில் நேர் தெற்கே 20 டிகிரி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும், பின்னாலேயே இடது பக்கம் ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரம்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. அகத்தியர் பெயரில் ஊர், அகத்தியர் பெயரில் கோயில், அகத்தியர் பெயரிலேயே ஒரு நட்சத்திரமும் இருக்கிறதே, கேனோபஸ், வானத்திலேயே பிரகாசத்தில் இரண்டாவது. ஹான்லேயில் அது 4, 5 டிகிரி தலைகாட்டும், எதிரே மலை நின்றால் அதுவும் போச்சு. இங்கே தை, மாசி ராத்திரிகளில் 27 டிகிரி உயரத்தில் தாராளமாகத் தெரியும். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம் என்று பகலில் நினைவுத்தூணைப் பார்க்க வருகிறவர்கள் இருட்டும் வரை இருந்துவிட்டுப் போகலாம்.

படம் எடுக்க வருகிறவர்களுக்கு: 14 எம்எம் லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 15 வினாடி. 500-ஐ லென்ஸ் அளவால் வகுக்கும் கணக்குப்படி 35 வினாடி வரை ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்பார்கள், அது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு, இன்றைய சென்சாரில் நட்சத்திரம் இழுபட்டுத் தெரியும். ஒரே சட்டகத்தைத் தொடர்ந்து பத்து, பதினைந்து எடுத்துக்கொண்டு சீக்குவேட்டர் என்ற மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புள்ளிப்புள்ளியான இரைச்சல் அடங்கிவிடும். உப்பு வெள்ளையாக இருப்பதால் நட்சத்திர வெளிச்சத்திலேயே தரை தெரியும், வயல்வெளியில் எடுத்தால் கீழ்ப்பாதி கருப்பாகவே போகும். கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரம் ஒன்று முன்னால் இருந்தால் படத்துக்கு ஒரு அளவும் கிடைக்கும். நட்சத்திரம் வட்டமடிக்கிற மாதிரி எடுக்க ஆசைப்பட்டு வடக்கே திரும்பாதீர்கள். துருவ நட்சத்திரம் 10 டிகிரியில், வேதாரண்யம் தெருவிளக்கு மூட்டத்துக்குள் கிடக்கிறது. கிழக்கே வையுங்கள், நட்சத்திரமெல்லாம் கிட்டத்தட்ட செங்குத்தாக மேலேறும்.

அமாவாசை பார்த்துத்தான் வர வேண்டும், ஆனால் ஆடி அமாவாசை வேண்டாம். கோடியக்கரையில் கடல் குளிக்க ஊரே வண்டி கட்டி வரும், அத்தனை ஹெட்லைட்டும் உங்கள் படத்தில்தான். கோடியக்கரைக் காட்டுக்குள் ராத்திரியில் போகும் எண்ணமும் வேண்டாம், அது சரணாலயம். உப்பளத்திலும் அளத்துக்காரரிடம் கேட்டுவிட்டு வரப்பு மேலேயே நில்லுங்கள், பாத்தியை மிதித்தால் அவர் பிழைப்பு கெடும்.

பெரிய எதிரி ஈரம். ஒருமுறை காவலுக்கு இருந்த பெரியவர், "தம்பி, கச்சான் காத்து நின்னுடுச்சு, இனிமே கண்ணாடில பனி இறங்கும், மூடி வைங்க" என்றார்.

"எப்படிங்கய்யா தெரியுது?"

"உப்பு கைல ஒட்டுது பாருங்க."

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கசிய ஆரம்பிக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது, அவர் உள்ளங்கையில் வைத்தே சொல்லிவிட்டார். மேற்கேயிருந்து கச்சான் அடிக்கும் வரைக்கும் லென்ஸ் காய்ந்திருக்கும், ட்ரைபாட் ஆடும்; கிழக்கேயிருந்து கொண்டல் திரும்பினால் ட்ரைபாட் ஆடாது, லென்ஸ் மங்கிவிடும். யுஎஸ்பி-யில் சூடாகும் பட்டை ஒன்று வாங்கி லென்ஸைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், விலை ரொம்ப இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தூங்கப் போவதற்கு முன்னால் ட்ரைபாட் கால் மூன்றையும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் திருகெல்லாம் பிடித்துக்கொள்ளும்.