அத்திவாரக் குழிக்குள் கிடந்த இரவு

2018 ஆவணியில் ஒரு நடுச்சாமம். என்ரை மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், வீட்டுத்திட்ட வீட்டுக்கு வெட்டியிருந்த அத்திவாரக் குழிக்குள் குப்புறப் படுத்துவிட்டேன். பிள்ளை எனக்குக் கீழே. மனிசி டோர்ச் லைட்டோடு தேடி வந்தபோது அவள் மூச்செடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாளாம். என் கை அவளின் வாயைப் பொத்தியிருந்ததாம். எனக்கு எதுவும் நினைவில்லை. நடந்தது இவ்வளவுதான்: எங்கள் கொட்டிலின் தகரத்தில் ஒரு பனம்பழம் விழுந்திருக்கிறது.

சண்டை முடிந்து அப்போது ஒன்பது வருசம். சண்டைக்குப் பிறகு எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து விசுவமடுவுக்குத் திரும்பி, காணி துப்புரவாக்கி, கலியாணம் கட்டி, மேசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன் நான். வெளியில் பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் கதவுக்குப் பக்கத்தில்தான் படுப்பேன். அயல் வயலில் யானை வெடி கொளுத்தினால் விடியும்வரை நித்திரை வராது. பின்னால் ஆராவது தோளைத் தொட்டால் கை ஓங்கிவிடுவேன். வைகாசி பிறந்தால் சாராயம் கூடும்.

கஞ்சி குடிக்கவே மாட்டேன். கோயிலில் கொடுத்தாலும், காய்ச்சலுக்கு மனிசி காய்ச்சித் தந்தாலும் அந்த மணத்துக்கே எழும்பிப் போய்விடுவேன். ஏன் என்று அவளுக்குச் சொன்னதில்லை.

அம்மா பயந்த கோளாறு என்று நூல் கட்டுவித்தா. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தா. அதை நான் குறை சொல்லமாட்டேன். கோயில் வீதியில் இருந்த நேரங்களில் மனம் கொஞ்சம் ஆறியது உண்மை. தனியார் வைத்தியர் ஒருவர் ஒன்றும் விசாரிக்காமல் நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். படுத்தேன், ஆனால் கனவு நிற்கவில்லை. குளிசை மயக்கத்தில் அதற்குள்ளிருந்து எழும்பவும் முடியாமல் கிடந்தேன்.

குழிக்குள் கிடந்த இரவுக்குப் பிறகு மனிசி ஒன்றுதான் சொன்னாள்: “நீங்கள் காட்டப் போகாட்டி நானும் பிள்ளையும் அம்மா வீட்டை போறம்.”

கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் தெரிந்த சனம் எங்கே போகிறாய் என்று கேட்க, பல்லுக் காட்டப் போறன் என்று சொன்னேன். பரந்தனில் இறங்கித் திரும்பிவிடலாமோ என்றும் யோசித்தேன். துண்டு எடுத்து வாங்கில் இருந்தபோது தலையை நிமிர்த்தவேயில்லை. நிமிர்ந்து பார்த்தபோது, எங்கள் பக்கத்து ஆட்களே நாலைந்து பேர் கிளினிக் கொப்பியோடு இருந்தார்கள். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வைத்தியர் முக்கால் மணித்தியாலம் கேட்டார். நடந்தது திரும்பத் திரும்பக் கனவிலும் கண் முன்னாலும் வருதா? அதை நினைப்பூட்டும் இடத்தை, சாப்பாட்டை, ஆட்களைத் தவிர்க்கிறீங்களா? எல்லாம் என் பிழை என்ற எண்ணம் இருக்கா? எப்போதும் காவலிலேயே இருக்கிறீங்களா? எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். இவை ஒரு மாதத்துக்கு மேலே நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் குழப்பினால் அதற்குப் பெயர் நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் என்றார். 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்ததாம்.

நான் விவசாயக் குடும்பம் என்று அறிந்து அவர் சொன்ன விளக்கம் இன்னும் மனதில் நிற்கிறது. “ஒருக்கா யானை அடிச்சுத் தப்பினவன் பரணிலை காவலுக்கு இருந்தா, இலை அசைஞ்சாலும் யானை எண்டு கத்துவான். அவன் கோழையில்லை. காவல் வேலையைக் கூடுதலாச் செய்யிறான். உங்கடை மூளைக்குள்ளையும் அப்பிடியொரு காவல்காரன் இருக்கிறான். யானை போயிட்டுது எண்டு அவனுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை.” அதைக் கேட்டு நான் அழுதேன். ஒன்பது வருசமாக என்னைக் கோழை என்றுதான் நானே நினைத்திருந்தேன்.

செர்ட்ரலின் 50 மில்லிகிராம் குளிசை தந்தார். அதற்குக் காசு எடுக்கவில்லை. முதல் கிழமை வயிற்றைப் பிரட்டியது, விட்டுவிட நினைத்தேன். நாலாம் ஐந்தாம் கிழமையில்தான் கோபம் தணிந்தது தெரிந்தது. சுகம் என்று நினைத்து நீங்களாக நிறுத்தவேண்டாம் என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். சாராயத்தோடு இந்த வைத்தியம் சரிவராது என்பதையும் முகத்துக்கு நேரே சொன்னார்.

குளிசையை விடப் பெரிய மாற்றம் உளவளத்துணை அக்காவின் அறையில் நடந்தது. நிலத்தில் ஒரு கயிற்றை நீட்டிப் போட்டா. ஒரு முனை நான் பிறந்த நாள். நல்லவற்றுக்குப் பூ, கெட்டவற்றுக்குக் கல். முற்றத்துச் செவ்வரத்தம் பூவும் றோட்டுச் சல்லியும்தான். ஐயாவோடு முதல் விதைத்ததுக்கு ஒரு பூ வைத்தேன். 2009 சித்திரைக்கு வந்ததும் கையிலிருந்த கல்லை வைக்க முடியவில்லை. வியர்த்துக் கொட்டியது. அக்கா அவசரப்படுத்தவில்லை. “இப்ப நீங்கள் கிளிநொச்சியிலை இருக்கிறீங்கள், தம்பி. காலை நிலத்திலை ஊண்டுங்கோ” என்றா.

கடைசிச் சண்டைக்குள், வலைஞர்மடத்தில் கஞ்சி வரிசைக்குப் போகவேண்டியவன் நான். களைப்பில் தம்பியை அனுப்பினேன். அந்த வரிசையில் செல் விழுந்தது. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மூன்று சந்திப்புகள் பிடித்தன. அக்கா ஒவ்வொரு முறையும் நான் சொன்னதை எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டுவா. என்ன மணம், வெயில் எப்படி, தம்பி என்ன உடுப்புப் போட்டிருந்தான், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒழுங்காகக் கேட்பா. துண்டு துண்டாக வந்து தாக்கிக்கொண்டிருந்தது, மெல்ல மெல்ல முன்னும் பின்னும் உள்ள ஒரு கதையாக மாறியது. “செல் விழும் எண்டு தெரிஞ்சிருந்தா அனுப்பியிருப்பீங்களா?” என்று ஒருநாள் கேட்டா. அப்போது எனக்கு 17 வயது. அந்தப் பெடியனை முதல்முறையாகப் பாவம் என்று நினைத்தேன்.

முழுச்சுகம் என்று சொல்லமாட்டேன். யானை வெடிக்கு உடம்பு இன்னும் துள்ளும். ஆனால் பாயிலேயே இருந்து மூச்சை ஆறுதலாக விட்டுவிட்டுத் திரும்பிப் படுக்கிறேன். போன வைகாசியில் முள்ளிவாய்க்கால் நினைவாகச் சிரட்டையில் தந்த கஞ்சியில் இரண்டு மிடறு குடித்தேன். மிச்சத்தை மகள் குடித்தாள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக மனம் வராதவர்கள், இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுத்துக் கதைக்கலாம்.

போன மாதம் பஸ்ஸில் தர்மபுரத்து ஆச்சி ஒருவர், எங்கே போகிறாய் தம்பி என்று கேட்டா. மனநலக் கிளினிக்குக்கு என்றேன். ஆச்சி கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு என் பக்கம் சரிந்து மெதுவாகக் கேட்டா: “என்ரை மருமோனையும் கூட்டிக்கொண்டு வரலாமோ, மோனை? எந்தக் கிழமையிலை பாக்கினம்?”